கஞ்சி வடிக்கிற அண்டாவும் ஒன்பதாம் வகுப்பும்

பொறியியல் வடிவமைப்பு முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று முதல் வருடம் நான் செய்த காரியம் இது. கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டேன். கேள், யோசி, திட்டமிடு, செய், சோதி, மேம்படுத்து என்று ஆறு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்துகொண்டார்கள். அடுத்த வாரம் தேர்வு வைத்தேன். முப்பத்தெட்டு பேரில் முப்பத்தைந்து பேர் ஆறு படியையும் வரிசை தப்பாமல் எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அது அறிவியல் கண்காட்சி வரைக்கும்தான் நீடித்தது.

கண்காட்சிக்கு வந்தவை: ஸ்மார்ட் குப்பைத்தொட்டி இரண்டு, சிரிஞ்சில் ஓடும் ஜேசிபி ஒன்று, தெர்மாகோல் நீர்மின் நிலையம் ஒன்று, பார்வையற்றவர்களுக்கான ஸ்மார்ட் கம்பு ஒன்று. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குப் போனாலும் இந்த நான்கையும் பார்க்காமல் வெளியே வர முடியாது. பார்க்க வந்த ஒரு பெரியவர் அந்தக் கம்பைக் கையில் வாங்கி, "ரோட்ல குழி இருந்தா சொல்லுமா தம்பி?" என்று கேட்டார். அதில் பொருத்தியிருந்தது எல்லாரும் வாங்குகிற எச்.சி-எஸ்.ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரத்தை அளப்பது. இரண்டு சென்டிமீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரைக்கும் எதிரே இருப்பதைச் சொல்லும், நேராகப் பார்க்க வைத்தால் காலடியில் இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது. பையன்கள் என்னைப் பார்த்தார்கள், நான் சுவரைப் பார்த்தேன். கண்பார்வை இல்லாத ஒருவரிடமாவது பேசினீர்களா என்று பிறகு கேட்டதற்கு, "இல்ல சார், யூடியூப்ல பாத்துச் செஞ்சோம்."

இதைவிட உறுத்தியது அவர்களுடைய ரெக்கார்டு நோட்டு. பிரச்சினை என்ன, மூன்று மாற்று யோசனைகள், அதில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எல்லாம் பக்காவாக இருந்தது. அத்தனையும் பொருளைச் செய்து முடித்த பிறகு, முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது. வாலில் தொடங்கித் தலைக்கு வந்த கதை. அதற்கு நான் பச்சை மையில் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

எனக்கு இது தெரியாத விஷயமில்லை என்பதுதான் வெட்கம். ஆசிரியராவதற்கு முன்னால் மெக்கானிக்கல் படித்துவிட்டு நான்கு வருடம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலையில் டிராயிங் போர்டு முன்னால் கழித்தவன். உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிராக்கெட் ஏழு தடவை மாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் ரிவிஷன் கட்டம் என்று ஒன்று இருக்கும், ஏ, பி, சி என்று போய்க்கொண்டே இருக்கும், எதை எந்தத் தேதியில் மாற்றினோம் என்று அதில் எழுதியாக வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பாகத்தை இன்னும் யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் இதையெல்லாம் மறந்துவிட்டு வட்டம் போட்டேன்.

இரண்டாம் வருடம் முதல் வேலையாக லேபின் ஆர்டுயினோ (சென்சார், மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. நிதி ஆயோக் 2016-இல் ஆரம்பித்த திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான பிள்ளைகளுக்கு, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். சென்சார், மோட்டார், 3டி பிரிண்டர் எல்லாம் இருக்கிறது. இருப்பதுதான் சிக்கலும். அலமாரி திறந்திருந்தால் பிள்ளை முதலில் சென்சாரைக் கையில் எடுக்கிறான், அப்புறம் அதற்கு ஏற்ற பிரச்சினையைத் தேடுகிறான். ஆறு வாரம் அட்டை, ஈர்க்குச்சி, சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, நூல் மட்டும்தான் என்று சொன்னேன். ஒரு வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாடத்தைத் தொடங்கி வைக்க மார்ஷ்மெல்லோ சவாலை எடுத்துக்கொண்டேன். பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது. இருபது ஸ்பகெட்டிக் குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ (மெத்தென்ற மிட்டாய்), பதினெட்டு நிமிடம், யார் கோபுரம் உயரமாக நிற்கிறது என்று பார்ப்பது. எங்கள் ஊரில் ஸ்பகெட்டிக்கு எங்கே போவது? ஈர்க்குச்சியும் கடலை உருண்டையும் போதும். பத்துக் குழுவில் ஏழு குழு பதினேழு நிமிடம் கோபுரம் கட்டிவிட்டுக் கடைசி நிமிடத்தில் உருண்டையைத் தூக்கி உச்சியில் வைத்தது. ஏழும் சரிந்தன. வணிக மேலாண்மை படித்தவர்களும் இதில் இப்படித்தான் கோட்டை விடுகிறார்கள், எல்கேஜி பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே உருண்டையை மேலே வைத்து வைத்துப் பார்ப்பதால் அவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. 'கடைசியில் சோதிக்காதே' என்று நான் எழுதிப் போடவே இல்லை. வருடம் முழுவதும் யாராவது சோதனையைத் தள்ளிப்போட்டால் பக்கத்துக் குழுவே "டேய், கடலை உருண்டை" என்று கத்தும்.

சரி, அண்டாவுக்கு வருகிறேன்.

பிரச்சினையை வெளியே தேடாதீர்கள், பள்ளி மதில் சுவருக்குள்ளேயே கண்டுபிடியுங்கள் என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை. காரணம் எளிது, யாருக்காகச் செய்கிறோமோ அவர் தினமும் கண்ணில் பட வேண்டும், அப்போதுதான் பத்துத் தடவை போய்க் கேட்க முடியும். ஒரு குழு சத்துணவுக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தது. தலைமை ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் அனுமதி வாங்கினேன். வாசல்படிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், அடுப்பு எரியும்போது உள்ளே ஒரு கால்கூட வைக்கக் கூடாது, கொதிக்கிற எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் நோட்டில் எழுதி வந்தார்கள்: "சமையல் அக்கா மிகவும் கஷ்டப்படுகிறார். அண்டா மிகவும் கனமாக உள்ளது." அதை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் இது பார்த்தது இல்லை, நினைத்தது. நான் கொடுக்கவில்லை. கனம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குள் இருந்த மெக்கானிக்கல் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கணக்குப் போட வைத்தேன். ஒரு பிள்ளைக்கு 150 கிராம் அரிசி, 120 பிள்ளைகள், 18 கிலோ, இரண்டு அண்டாவாகப் பிரித்தால் ஒன்றுக்கு 9 கிலோ, தண்ணீர் அதைப்போல ஐந்து மடங்கு. அண்டாவையும் சேர்த்தால் ஐம்பது கிலோவுக்கு மேல். "பத்துப் பதினஞ்சு கிலோ இருக்கும் சார்" என்று சொன்ன பையன் வாயைப் பிளந்தான். உடனே சாய்க்கும் ஸ்டாண்டு யோசனை பிறந்துவிட்டது, இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் அண்டா ஊஞ்சல் மாதிரி தொங்கும், ஒரு விரலால் சாய்க்கலாம். பெயின்ட் வாளியில் மாதிரி செய்தோம். அச்சு ஈர்ப்பு மையத்துக்குக் கீழே இருந்தால் வாளி தானாகக் கவிழ்கிறது, கொஞ்சம் மேலே இருந்தால் விட்டதும் நிமிர்ந்துகொள்கிறது. பாடப்புத்தகத்தில் ஈர்ப்பு மையத்தை நான் இதைவிட நன்றாக நடத்தியதே இல்லை. மூன்று வாரம் ஓடியது.

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் காட்டப் போனோம். அவர் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "நல்லாத்தான் இருக்கு. அடுப்புலேர்ந்து அண்டாவ யாரு தூக்கி இதுல மாட்டுறது?"

யாரும் வாய் திறக்கவில்லை. தூக்குவதுதான் கஷ்டம் என்று சொல்லி, தூக்கி மாட்ட வேண்டிய ஒன்றைச் செய்திருக்கிறோம். அதற்குள் உதவியாளர் அம்மா இன்னொன்று சொன்னார், கூடத்தில் இதை வைக்கிற இடத்தில்தான் அரிசி மூட்டை இருக்கிறது என்று.

மூன்று வார வேலை போனதில் பிள்ளைகளைவிட எனக்குத்தான் வலி, ஸ்டாண்டு என் செல்லப்பிள்ளை. இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு, அதிலும் பொறியியல் படித்துவிட்டு வருபவர்களுக்கு, நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைகளின் யோசனைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று முகத்தில் காட்டாதீர்கள். உங்கள் புருவம் கொஞ்சம் உயர்ந்தாலே போதும், மற்ற யோசனைகள் அங்கேயே செத்துவிடும்.

மறுபடியும் பார்க்க அனுப்பினேன். இந்தத் தடவை விதி வேறு. பத்து நிமிடம், ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும், 'மிகவும்' என்ற சொல்லே கூடாது. குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுதி வந்ததை இன்னும் வைத்திருக்கிறேன்: "அக்கா வலது கையால் வடிதட்டை அழுத்துகிறார். கரித்துணி நனைந்திருக்கிறது. அண்டா சாயும்போது முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்கிறார். இரண்டு தடவை கையை எடுத்து உதறினார். இரண்டு தடவையும் கொஞ்சம் சோறு கொட்டியது."

ஐந்து வரிதான். கனம் என்ற சொல்லே இல்லை. அப்புறம்தான் கேள்வி கேட்க அனுப்பினேன். "கனமா இருக்கா அக்கா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "தூக்கித் தூக்கிக் கனம் பழகிப்போச்சு பாப்பா. இந்த ஆவிதான் பழகவே மாட்டேங்குது." முழங்கைக்குக் கீழே தழும்பைக் காட்டியிருக்கிறார். காய்ந்த துணியில் காற்று அடைத்திருக்கும், அது வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது, துணி நனைந்துவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சூடு நேராகக் கைக்கு வரும். இதை வெப்பக் கடத்தல் பாடத்தில் நடத்தியவன் நான்தான். வாசலில் நின்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிரச்சினை மாறியது. வடிதட்டைக் கையால் பிடிக்காமலே கஞ்சி வடிய வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பிறகு நிபந்தனைப் பட்டியல், இதற்கு இரண்டு பீரியட் செலவழித்தேன், செலவழிக்க வேண்டும். "உறுதியா இருக்கணும்னு எழுதலாமா சார்?" "எப்படி அளப்பாய்?" "...அப்ப வேணாம் சார்." இப்படியே சண்டை போட்டுப் போட்டு எண்ணாக்கினோம். பத்து விநாடிக்குள் மாட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் தாமதித்தால் சோறு குழைந்துவிடும் என்று அக்கா சொன்னார். ஐந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. அண்டாவில் ஓட்டை போடக் கூடாது, அது பள்ளிச் சொத்து. ரப்பர், பிளாஸ்டிக், பெயின்ட் எதுவும் சோற்றுப் பக்கம் வரக் கூடாது. ஒரு பருக்கைகூட வெளியே வரக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையால் ஒரு வேடிக்கை நடந்தது. கஞ்சி போகவும் சோறு போகாமலும் இருக்க எவ்வளவு இடைவெளி விடுவது? ஒன்பதாம் வகுப்பில் அளவீடு பாடத்தில், சின்னப் பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து அளக்கும் வெர்னியர் அளவி இருக்கிறது, வருடா வருடம் கோலிக்குண்டை அளந்துவிட்டு மூடி வைப்போம். இவர்கள் ஒரு தட்டில் வெந்த சோற்றை ஆறவைத்து எடுத்து வந்து பருக்கை பருக்கையாக அளந்தார்கள். தாடையை இறுக்கினால் பருக்கை நசுங்குகிறது, தளர்த்தினால் அளவு தப்பு. இருபது பருக்கையை நசுக்கிய பிறகு ஒரு பையன் தாடையைப் பருக்கையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தப் பழகிக்கொண்டான், பிறகு அந்த வேலை அவனுக்கே ஒதுக்கப்பட்டது. சராசரி 2.8 மில்லிமீட்டர் வந்தது, இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். மீச்சிற்றளவு, அதாவது கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, எதற்கு என்று அந்த வகுப்பில் அதன்பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் குருணையை மறந்துவிட்டார்கள். முதல் சோதனையிலேயே குருணை கஞ்சியோடு ஓடிவிட்டது. "ஒரு பருக்கைகூட" என்பதை அடித்துவிட்டு "ஒரு கைப்பிடிக்குள்" என்று எழுதினார்கள். அடித்ததற்கு யாரும் மார்க் குறைக்கவில்லை என்று தெரிந்ததும்தான் நோட்டு உண்மையான நோட்டாக ஆரம்பித்தது.

நோட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேனாவில் மட்டும், தேதியோடு, அழிப்பான் கிடையாது, பக்கம் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ரிவிஷன் கட்டம். பத்து மார்க்கில் நான்கு மார்க் அந்தக் கட்டத்துக்கு, என்ன மாற்றினாய், எந்தச் சோதனையைப் பார்த்து மாற்றினாய் என்பதற்கு. பொருள் வேலை செய்கிறதா என்பதற்கு இரண்டே இரண்டு. முதலில் முதல் ரேங்க் பிள்ளைகளுக்குத்தான் இது ஆகவில்லை, "சரியா செஞ்சா ஏன் சார் மார்க் கம்மி?" என்று ஒரு பெண் அழுதேவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரே விடை, அதுவும் முதல் தடவையிலேயே என்று பழக்கியிருக்கிறோம், அவள் அழுததில் தப்பில்லை.

யோசனையைத் தேர்ந்தெடுக்கப் புளியங்கொட்டை. ஐந்து யோசனைகள் வந்தன, எல்லாவற்றையும் நானே ஒரே மாதிரி வரைந்து பெயர் இல்லாமல் ஒட்டினேன், ஏனென்றால் கிரிக்கெட் கேப்டனின் யோசனைக்குத்தான் எப்போதும் ஓட்டு விழும். ஒவ்வொருவருக்கும் பத்துக் கொட்டை, எந்த நிபந்தனைக்கு எது பொருந்துகிறதோ அந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாவிட்டால் கொட்டையை எடுத்துவிடுவேன்.

ஜெயித்தது சைக்கிள் டியூப். குளிர்ந்த தண்ணீரும் ஜல்லியும் போட்ட வாளியில் பிரமாதமாகப் பிடித்தது, ஆனால் சூட்டில் ரப்பர் வாடை வரும், நிபந்தனையே அடிபட்டது. இரண்டாவது, கட்டுக்கம்பிக் கொக்கி, சாய்த்ததும் நழுவியது. மூன்றாவது, வடிதட்டின் குறுக்கே ஒரு பட்டை, நடுவில் திருகு, இரண்டு முனையிலும் அண்டா விளிம்பைக் கவ்வும் கொக்கி. பாறை மாதிரி பிடித்தது. திருகி முடிக்க ஐம்பது விநாடி. நம் நிபந்தனை பத்து. இங்கேதான் எல்லாரும் இரண்டு வாரம் முட்டிக்கொண்டு நின்றோம், பெரிய திருகு, சின்னத் திருகு, இரட்டைத் திருகு என்று. திருகை விட்டு யாரும் வெளியே வரவில்லை.

ஒரு நாள் மதியம், அதே அதிகம் பேசாத பெண் தன் டிபன் கேரியரைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கொண்டி, பாதி தூரம் இறுக்கமாக வந்து, ஒரு புள்ளியைத் தாண்டியதும் 'டக்' என்று தானாகப் படிந்துகொள்ளும். "சார், இது எத்தனை விநாடி?" அவ்வளவுதான் கேட்டாள். அட்டையும் குண்டூசியும் வைத்து மாதிரி செய்து, கொண்டியின் அச்சு எங்கே இருந்தால் தாண்டும், எங்கே இருந்தால் தாண்டாது என்று ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக நகர்த்தினார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதை நான் கத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமல் ஒரு முழு பீரியட் வீணானது. ஒரு பையனின் மாமா ஜன்னல் கிரில் பட்டறை வைத்திருக்கிறார், அவர் எவர்சில்வர் பட்டையில் வளைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. சாமான் செலவு 380 ரூபாய்.

நடுவில் கவனித்த ஒன்று. எல்லாக் குழுவிலும் வெட்டுவது, துளையிடுவது பையன்கள், சார்ட் எழுதுவது பெண்கள் என்று தானாகவே பிரிந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை, அதுதான் தப்பு. அப்புறம் வாராவாரம் வேலை மாறும் என்று சீட்டுக் குலுக்கினேன். முதல் வாரம் பையன்களின் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு சேதம் இல்லை. குழுவுக்கு நான்கு பேர்தான், ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். நாற்பது நிமிட பீரியடில் கடைசி எட்டு நிமிடம் பெருக்குவதற்கு. குளூ கன் இருக்கும் மேசையில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர்.

கொதிக்கிற அண்டாவில் முதல் சோதனையை அக்காதான் செய்தார், நாங்கள் வாசலில். கொண்டியைப் போட ஏழு விநாடி. அக்காவும் உதவியாளர் அம்மாவும் அண்டாவின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துச் சாய்த்தார்கள், வடிதட்டின் மேல் யார் கையும் இல்லை. கஞ்சி வடிந்தது. கொஞ்சம் குருணை போனது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை, வாசலில் நின்ற பிள்ளைகள் கை தட்டியதும்தான் திரும்பினார்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கொண்டியின் கைப்பிடியில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். உலோகம், ஆவி படுகிறது, சுடாமல் என்ன செய்யும்? எங்கள் நிபந்தனைப் பட்டியலில் கைப்பிடியின் சூடு என்று ஒரு வரியே இல்லை. "நம்ம டிசைனக் கெடுத்துட்டாங்க சார்" என்று பையன் ஒருவனுக்குக் கோபம். அதிகம் பேசாத அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ரிவிஷன் கட்டத்தில் அடுத்த எழுத்தை எழுதி, "துணி, நனையும்" என்று அதற்கு நேராக எழுதிக்கொண்டிருந்தாள்.